பெண் பிள்ளைக்குச் சேறு

சிகுர்ட் டோஸ்டனை அடக்கம் செய்துவிட்டு வந்து, பாதிரியார் கிளம்பிப் போய், காபிப் பாத்திரமும் காலியான பிறகுதான் சொத்துப் பேச்சை எடுத்தார்கள். மேட்டு நிலமும் அதன்மேல் உள்ள வீடும் மகன் லெய்ஃபுக்கு. மேட்டுக்குக் கீழே, நாளுக்கு இரண்டு தடவை கடல் மூடி இரண்டு தடவை திறந்து காட்டுகிற சேற்று வெளி முழுவதும் மகள் ராக்னாவுக்கு.

லெய்ஃபின் மனைவி டோர்த்தியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டோர்த்தியா வேறு யாருமில்லை, ராக்னாவின் புருஷன் ஆர்னெக்குச் சித்தப்பா மகள். ராக்னா கல்யாணத்தில் பூச்செண்டு பிடித்துக்கொண்டு நின்றவள். அந்த உரிமையில் சொன்னாள்: "ஆம்பளப் புள்ளைக்கு மேடு, பொம்பளப் புள்ளைக்குச் சேறு. மாமா நல்லாத்தான் பங்கு போட்டிருக்காரு."

"மேட்டுல என்னடி வெளையப் போவுது? புல்லு. வாராவாரம் வெட்டிக்கிட்டுக் கெட," என்றாள் ராக்னா.

சிகுர்ட் அந்தச் சேற்றை அரசாங்கத்திடம் விலைக்கு வாங்கியவர். அந்தக் காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் கடல் வற்றினால் தெரிகிற தரையைக்கூட அரசாங்கம் விற்றுக்கொண்டிருந்தது. பிறகு நிறுத்திவிட்டது. வாங்கியவர்களுக்கு வாங்கியது வாங்கியதுதான். டோஸ்டன் குடாவில் ஆளுக்கு ஒரு துண்டு சேறு வைத்திருந்தார்கள். சிலர் சிப்பி வளர்த்தார்கள். பலர் படகு கட்டிப்போட மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ராக்னா சிப்பி வளர்த்தாள். ஆர்னெ மரம் வெட்டும் கம்பெனியில் வேலை செய்து, ஒரு மழை நாளில் உருண்டு வந்த தடிக்கு அடியில் போனவன். பிள்ளை இல்லை. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பி லெய்ஃபை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பிள்ளை என்றால் அவளுக்கு அவன்தான். தொடைவரை ஏறும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் வற்றும்போது இறங்கி, திரும்பி ஏறும்போது கரையேறுவாள். கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டதில்லை. கடல் விட்டால் சாப்பாடு.

சிப்பிக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சிப்பியை எடுத்த இடத்திலேயே திறந்து, சதையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டை அங்கேயே போட்டுவிட வேண்டும். பிறக்கிற குஞ்சுச் சிப்பி அந்த ஓட்டின்மேல்தான் வந்து ஒட்டும். வேறு எங்கும் ஒட்டாது. நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வாளி நிறைய ஓட்டோடு அள்ளிக்கொண்டு கார்ப் பக்கம் நடந்தபோது ராக்னா சேற்றில் நின்றபடியே கத்தினாள்: "யோவ்! திங்கறதத் தின்னுக்கோ. வீட்டை வச்சிட்டுப் போ!" அந்த மனிதன் எந்த வீடு என்று புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு, பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

சேற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு பட்டை சரளை. விரல் நகம் அளவுக் கற்கள். இலை உதிரும் காலத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது, ஸ்மெல்ட் என்கிற விரல் நீள வெள்ளி மீன் கூட்டம் கூட்டமாக வந்து அந்தச் சரளையில் முட்டையிடும். முட்டை கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும். அதை நம்பி சால்மன் மீன், சால்மனை நம்பி கடல்நாய், பறவை, மனிதர்கள். சரளை எங்கிருந்து வருகிறது? மேடு சரிந்துதான் வருகிறது. குளிர்காலத்துக்குக் குளிர்காலம் மேட்டு மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விழ, கடல் அதை அலசிக் கல்லை மட்டும் கரையில் விட்டுப் போகும்.

மேட்டின்மேல் வீடு வைத்திருப்பவனுக்கு இந்தக் கதை பிடிக்காது. அதனால் சுவர் கட்டினார்கள். முதலில் குடாவின் வாயில் இருந்தவன் பெரிய பெரிய பாறைகளாக அடுக்கினான். அவன் சுவரில் மோதித் திரும்பிய அலை பக்கத்து வீட்டுக்காரன் மண்ணைத் தோண்டியது, அவனும் கட்டினான். அப்படியே ஒருவர் பின் ஒருவராகக் குடா முழுக்கச் சுவர். சுவருக்கு முன்னால் இருந்த சரளை இரண்டு மூன்று குளிர்காலத்தில் காணாமல் போய், வழுக்குக் களிமண்தான் மிஞ்சியது. ஸ்மெல்ட் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. கடைசியில் சுவர் இல்லாத கரை என்று மிஞ்சியது லெய்ஃபின் மேட்டுக்கு அடியில் இருந்த ராக்னாவின் கரை மட்டும்தான்.

இதை ராக்னாவைவிட முன்னதாகப் பார்த்தவள் லவர்ன். ஆற்று முகத்துப் பழங்குடி ஊரைச் சேர்ந்தவள், ராக்னா வயசுதான் இருக்கும். இவர்கள் சிநேகிதம் சண்டையில் ஆரம்பித்தது. அரசாங்கம் முன்னோரோடு செய்த பழைய உடன்படிக்கைப்படி தனியார் சேற்றிலும் மட்டி, சிப்பியில் பாதி பழங்குடிகளுக்கு என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன வருஷம் மற்றவர்கள் எல்லாம் சங்கிலி போட்டு வழியை மறித்தார்கள். லவர்ன் மண்வெட்டியோடு வந்து நின்றபோது ராக்னாவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா வெல குடுத்து வாங்குனது இது."

"யார்கிட்ட வாங்குனாரு?"

"கவர்மென்டுகிட்ட."

"கவர்மென்ட்டு யார்கிட்ட வாங்குச்சு?"

ராக்னா அவள் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். பிறகு, "அந்த மண்வெட்டி மட்டிக்கு ஆவாது, ஓடு ஒடஞ்சிரும். இந்தா, இதப் பிடி," என்று மட்டி தோண்டும் தன் நீளப் பிடி முள்வாரியைக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தேதான் தோண்டினார்கள், சேர்ந்தேதான் ஊர்வம்பு பேசினார்கள்.

லவர்ன்தான் ராக்னாவை ஒரு கூட்டத்துக்கு இழுத்துப் போனாள். விவசாயிகள் மண்டபத்தில், கரையையும் காட்டையும் அழியாமல் காக்கிற நில அறக்கட்டளைக்காரர்கள் வந்து பேசினார்கள். கோலீன் என்ற வக்கீல் பெண் ஏதோ படம் போட்டுக் காட்டினாள். ராக்னா படத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நேரே போய்க் கேட்டாள்.

"என் சேத்துல, சரளையில யாரும் எப்பவும் சுவரு கட்டக் கூடாது. அதுக்கு என்ன வழி?"

"காப்புப் பத்திரம் எழுதலாம்மா. நெலம் உங்களுதாவே இருக்கும். விக்கலாம், யாருக்கு வேணா எழுதி வைக்கலாம், சிப்பி வளக்கலாம். சுவரு கட்டற உரிமைய மட்டும் தனியா வெட்டி எங்ககிட்ட குடுத்துடுவீங்க."

"நீங்க கட்டிடுவீங்களா?"

"நாங்களும் கட்ட முடியாது. வாங்கிப் பூட்டி வச்சுடுவோம். வருஷா வருஷம் வந்து பாத்துட்டுப் போவோம்."

"எனக்கப்புறம் வர்றவன்?"

"அவனும் கட்டுப்பட்டவன்தான். அவன்கிட்ட வாங்கறவனும்."

"நானே மனசு மாறி வந்து நின்னா?"

"உங்களையும் விட மாட்டோம்."

"அதான் வேணும். மொதல்ல என்னையக் கட்டு. என் தம்பி கண்ணுல தண்ணி வந்தா எனக்கு மனசு எளகிப் போயிரும்."

தம்பி கண்ணில் தண்ணீர் வருவதற்குக் காரணம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. சிகுர்ட் வீடு கட்டியபோது வீட்டுக்கு முன்னால் குதிரை பூட்டிய வண்டி திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது. இப்போது துணி காயப்போடும் கொடிக்கு மட்டும்தான் இடம். அந்தக் கொடிக்கம்பம் ஒன்றும் போன குளிர்காலத்தில் சாய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் டோர்த்தியா முன்னறையில் படுப்பதை நிறுத்திவிட்டாள். லெய்ஃபின் மகன் கர்ட் ஊருக்கு வரும்போதெல்லாம், "அப்பா, சுவரு கட்டு, சுவரு கட்டு," என்று அரித்துக்கொண்டிருந்தான். லெய்ஃப் அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தான்.

மேட்டின் சரிவில் பாறை நிற்காது. அடியில் சரளையில் உட்கார வைத்தால்தான் நிற்கும். ஆகவே சரளை யாருடையது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அக்காவும் தம்பியும் அதுவரை ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள்: மட்ரோனா மரம்.

செம்பு நிறத்தில் பட்டை உரியும் பெரிய மரம் அது. சிகுர்ட் படகில் போகும்போது அந்த மரத்தையும் அதே கரையோரம் தூரத்தில் தெரிந்த ஆலைப் புகைபோக்கியையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மேடு, இந்தப் பக்கம் சேறு," என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தார். குடாவில் எல்லோரும் அப்படித்தான் எல்லை பார்ப்பார்கள். சேற்றில் முளை அடித்தால் நிற்காது, அதனால் கரையில் இருக்கும் ஏதாவது இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. அந்தக் கணக்குப்படி மரத்துக்கு முன்னால் இருந்த கொஞ்சம் சரளைதான் ராக்னாவுக்கு, பின்னால் மேட்டடி வரைக்கும் இருந்த சரளை முழுக்க லெய்ஃபுடையது. ராக்னாவே ஊரறிய அப்படித்தான் சொல்லி வந்தாள். லெய்ஃபின் சின்னப் படகு வருஷக்கணக்கில் அங்கேதான் கவிழ்ந்து கிடந்தது.

பத்திரம் எழுத அளந்து பார்க்க வேண்டும் என்று கோலீன் ஒரு சர்வேயரை அனுப்பினாள்.

"எதுக்கு அளக்கணும்? மரம் இருக்கே," என்றாள் ராக்னா.

"இதுல அக்கா சொல்றது சரி," என்றான் லெய்ஃப். பல வருஷத்தில் அன்றுதான் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

சர்வேயர் ரோட்டோரத்து இரும்பு முளையிலிருந்து ஆரம்பித்து, மூன்று கால் கருவியை நட்டு நட்டு அளந்துகொண்டே வந்தான். சரிவில் இறங்கினான். மரத்தைப் பார்த்தான். திரும்ப ஏறிப் போய் மறுபடியும் அளந்தான். பிறகு மரத்தடியில் நின்று காலைத் தூக்கிப் பார்த்தான். பூட்ஸ் நனைந்திருந்தது.

"பத்திரத்துல மரமே இல்லீங்க. பெருக்கத் தண்ணி நிக்கற எடம்தான் எல்லைன்னு இருக்கு. அது மரத்துக்குப் பின்னால இருக்கு. சரளை பூரா இந்த அம்மாவோட பக்கம்."

ராக்னாவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "எங்கப்பாவப் பொய்யர்ங்கறியா?"

"ஐயோ, இல்லம்மா. உங்கப்பா காட்டுனப்ப மரம் மேட்டு வெளிம்புல நின்னிருக்கும். மண்ணு சரியும்போது மரம் சாயாம நின்னபடியே எறங்கும். இங்க நெறைய எடத்துல பாத்திருக்கேன்."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பச்சையாக, அசையாமல் நின்றுகொண்டிருந்தது மரம். குளிர்காலத்துக்கு ஒரு சாண், மழைக்கு ஒரு முழம் என்று இறங்கி வந்திருக்கிறது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. படகிலிருந்து பார்த்தால் மரம் மரமாகத்தான் தெரியும். புகைபோக்கியும் இருந்த இடத்தில்தான் இருந்தது.

லவர்ன் மட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஜனத்தத்தான் எடம் மாத்தி எடம் மாத்தி ஓட்டுனாங்கன்னு நெனச்சேன். மரங்கூடத் தப்பல பாரு."

லெய்ஃப் சிரிக்கவில்லை. "மூணு காலு முக்காலிய வச்சு என் நெலத்தத் திருடுறியா, அக்கா?"

"நான் திருடல. மரம் நடந்து வந்திருச்சு."

"நேத்து வரைக்கும் இது என்னுதுன்னு நீயே சொன்ன."

"சொன்னேன். தப்பா சொன்னேன். இப்ப சரியா சொல்றேன். இது என்னுது, இங்க சுவரு வராது."

"வீடு விழுந்தா?"

"நகத்து. பின்னால எடம் கெடக்கு. இந்தச் சரளைக்குப் பின்னால போக எடம் இல்லடா."

"அப்பா கட்டுன வீடு அது!"

"அப்பா வாங்குன சேறு இது!"

அன்றைக்குப் பேச்சு அதோடு முறிந்தது. அதன்பிறகு டோர்த்தியா கடையில் ராக்னாவைக் கண்டால் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சர்ச்சில் லெய்ஃப் குடும்பம் இடது பக்கம், ராக்னா வலது பக்கம். டோர்த்தியாவின் தங்கை மாப்பிள்ளை, ஆர்னெயின் பெரியம்மா பேரன், எல்லோரும் வந்து ராக்னாவிடம் நியாயம் பேசினார்கள். "ரத்தத்தவிட மீனு பெருசா?" என்றார்கள். "மீனு எனக்குச் சொந்தம் இல்ல. அதான் அதுக்குப் பேச ஆளு இல்ல," என்று சொல்லி அனுப்பினாள்.

லெய்ஃபுக்கு அனுமதி வந்துவிட்டது. மரத்தை எல்லையாகப் போட்டு முன்னமே வரைந்த படத்துக்கு வந்த அனுமதி அது. கோலீன் பதறிப்போய் வந்தாள்.

"அவரு மொதல்ல கல்லப் போட்டுட்டாருன்னா அப்புறம் எடுக்க வைக்கறது ரொம்பக் கஷ்டம்மா. கோர்ட்டுல வருஷக்கணக்குல இழுக்கும். அவரு படகு வேற அங்கயே கெடந்திருக்கு, அதையும் பேசுவாங்க. பத்திரம் தயார் ஆயிருச்சு. எங்க குழு கையெழுத்துதான் பாக்கி. நாளைக்கு வாங்கிட்டு வந்துடறேன்."

"நாளைக்கா? நாளைக்குக் காலையில கல்லு ஏத்துன பார்ஜு படகு வருதாம், கடையில பேசிக்கிட்டாங்க."

மீன் முட்டையிட வரும் முன்னால் சுவர் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அரசாங்கத்தின் கண்டிஷன். முட்டை போடும் இடத்திலேயே சுவர் வருகிறது என்றாலும் கண்டிஷன் கண்டிஷன்தான்.

சிப்பி அள்ளுபவர்கள் தட்டைத் தோணி வைத்திருப்பார்கள். பலகைத் தட்டு மாதிரி இருக்கும், அடி மட்டம். தண்ணீர் நிறைந்திருக்கும்போது வேண்டிய இடத்துக்கு ஓட்டிப் போய் நிறுத்திவிட்டால், தண்ணீர் வற்ற வற்ற அது மெல்லச் சேற்றில் உட்கார்ந்துவிடும். நாள் முழுக்க அள்ளிக் கொட்டலாம். மறுபடி தண்ணீர் ஏறித் தூக்கிவிடும்வரை அதை யாராலும் அசைக்க முடியாது. ராக்னா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது.

மறுநாள் காலை தண்ணீர் நிறையும்போது அவளும் லவர்னும் தோணியைச் சேற்று வெளியைத் தாண்டி, சரளை வரைக்கும் கொண்டு போனார்கள். மட்ரோனாவுக்குப் பக்கத்தில் குறுக்காக நிறுத்தி, ஒரு கயிற்றை மரத்தில் கட்டினார்கள். லவர்ன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினாள்.

"ஜெயில்ல போட்டா ஒரே அறையா கேளு. நீ கொறட்டை விடமாட்டல்ல?" என்றாள் லவர்ன்.

"உன் வாயவிடக் கொறட்டை தேவல."

பாறை ஏற்றிய பார்ஜ் குடாவுக்குள் வந்தது. பெரிய இரும்பு வயிறு, மேலே நீளக் கை வைத்த இயந்திரம். மேட்டு விளிம்பில் லெய்ஃப், டோர்த்தியா, கர்ட் மூவரும் நின்றார்கள். பார்ஜை ஓட்டி வந்தவன் குனிந்து பார்த்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? இங்கதான் கல்லு எறக்கணும்."

"எறக்கறதுக்கு எடத்துக்காரி சம்மதம் வேணாமா தம்பி?"

"எடத்துக்காரரு மேல நிக்கறாரே."

"அவரு மேட்டுக்காரரு. சரளை என்னுது. வேணும்னா அளந்தவனக் கேளு."

"தள்ளு அக்கா!" மேலிருந்து லெய்ஃப் கத்தினான். "போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு! வர்றவங்களுக்கு ரப்பர் பூட்ஸு எடுத்து வைக்கிறேன்!"

கர்ட் கை விரலை நீட்டி ஏதோ கத்தினான். காற்றில் பாதிதான் கேட்டது. "பத்திரத்த நான் ஒடைப்பேன், அத்தை!" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பார்ஜ்காரன் போனை எடுத்து முதலாளியிடம் பேசினான். "ரெண்டு பேரும் அவங்கவங்க எடங்கறாங்க சார்... வயசான பொம்பளைங்க... இல்ல சார், தள்ளி விட முடியாது சார்." பிறகு தோணியைச் சுற்றிப் போக இடம் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. மறுபக்கம் குட்டைப் பாறைகள். மறுபடியும் கெஞ்சினான்.

"அம்மா, பெரிய மனசு பண்ணுங்க. கொஞ்சம் நகத்துங்க."

ராக்னா தோணியின் விளிம்பைக் காலால் தட்டிக் காட்டினாள். அடியில் சரளை கரகரவென்று உரசும் சத்தம். "தண்ணி எறங்க ஆரம்பிச்சிருச்சு. இனிமே நானே நெனச்சாலும் நகராது."

அவன் முகம் மாறியது. அப்போதுதான் தன் பார்ஜின் அடியைப் பற்றி நினைத்தான். நிறையப் பாறையோடு அந்தப் பெரிய இரும்பு வயிறு சேற்றில் உட்கார்ந்தால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"உக்காரணும்னா உக்காரு," என்றாள் லவர்ன், நல்ல மனசோடு. "கீழ இருக்கற சிப்பியில பாதி எங்க ஊருக்குச் சொந்தம். நசுங்குனா எங்க வக்கீலும் வருவாரு, இவ வக்கீலும் வருவா. எல்லாருக்கும் காபி பத்தாது."

பார்ஜ்காரன் வேறு பேச்சுப் பேசவில்லை. பின்பக்கமாகவே திரும்பி, கறுப்புப் புகை விட்டுக்கொண்டு, ஆழத் தண்ணீருக்குப் போய்விட்டான். நாளைக்கு வருகிறேன் என்று கையைக் காட்டினான். லெய்ஃப் மேட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். டோர்த்தியா அவன் தோளைத் தொட்டதைக் கீழேயிருந்து ராக்னா பார்த்தாள். தன் இடுப்பில் இருந்த அந்தக் குழந்தையாகவே அவன் அவளுக்குத் தெரிந்தான். எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். தோணி நகராது என்று அவளே பார்ஜ்காரனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் முழுக்க வற்றி, சேறு வெயிலில் மின்னிக்கொண்டிருந்த நேரத்தில் கோலீன் வந்து சேர்ந்தாள். கூட ஒரு நோட்டரி. கோலீன் பூட்ஸ் போட்டு வந்திருந்தாள். அந்த மனிதன் ஆபீஸ் ஷூவோடு வந்து முதல் எட்டிலேயே ஒன்றைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டான். ஒற்றை ஷூவோடு தோணியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ராக்னாவிடம் அடையாள அட்டை கேட்டான்.

"மேல நிக்கறானே, அவனக் கேளுங்க. நான் யாருன்னு பொறந்ததுலேர்ந்து அவனுக்குத் தெரியும்."

"அட்டைதான் வேணும்மா."

பூட்ஸுக்குள் கையை விட்டு டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தாள். கவிழ்த்த சிப்பித் தொட்டியின்மேல் பத்திரத்தை விரித்தார்கள். கோலீன் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினாள். சுவர் கூடாது, பாறை கூடாது, தூண் ஊன்றிய தளம் கூடாது, மேட்டிலிருந்து சரியும் மண்ணை அள்ளி அகற்றக் கூடாது. சிப்பி வளர்ப்பு நடக்கலாம். பழங்குடி உரிமைக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த இடத்தில் லவர்ன், "இன்னொரு தடவை படி," என்று கேட்டு, இரண்டாம் தடவையும் கேட்டுத் தலையாட்டினாள்.

"என்னென்னைக்கும்னு போட்டிருக்கா?" என்றாள் ராக்னா.

"போட்டிருக்கு."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அன்று மாலைக்குள் கோலீன் ஜில்லா ஆபீஸில் அதைப் பதிந்துவிட்டாள். மறுநாள் பார்ஜ் வரவில்லை. பதிந்த பத்திரம் உள்ள இடத்தில் கல்லிறக்க அந்தக் கம்பெனி தயாராக இல்லை.

அந்தக் குளிர்காலம் மழை அடங்கவே இல்லை. மேடு ஒரு பெரிய துண்டாகச் சரிந்து, லெய்ஃபின் படிக்கட்டையும் மீன் புகைபோடும் கொட்டகையையும் கொண்டுபோயிற்று. வீட்டு மூலைக்கல்லில் விரிசல். வசந்தம் வந்ததும் லெய்ஃப் ஆட்களைக் கொண்டுவந்து, வீட்டுக்கு அடியில் இரும்பு உத்திரம் கொடுத்துத் தூக்கி, ரோட்டுப் பக்கமாக உருட்டி நகர்த்தினான். வீடு அசைந்து அசைந்து நடந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ராக்னா பெரிய பானையில் சிப்பிச் சூப்பு வைத்துக்கொண்டு வந்து வேலையாட்களுக்கு ஊற்றினாள். லெய்ஃப் குடிக்கவில்லை. டோர்த்தியா குடித்தாள். குடித்துவிட்டு, "உப்பு கூட," என்றாள். அதுதான் சண்டைக்குப் பிறகு அவள் ராக்னாவிடம் பேசிய முதல் வார்த்தை.

அறக்கட்டளைக்காரர்கள் வருஷா வருஷம் வந்தார்கள். கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சரிந்த மண்ணைக் கடல் அலசி, சரளை புதிதாகக் கனத்தது. ஸ்மெல்ட் வந்தது. மற்றச் சுவர்க்காரர்களில் ஒருவரும் தங்கள் சுவரை எடுக்கவில்லை.

ராக்னாவுக்கு முழங்கால் மடங்க மறுத்த பிறகு, ஒருநாள் லெய்ஃப் அவள் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"ஒண்ணு கேக்கணும். உனக்கப்புறம் அந்தச் சேறு யாருக்கு? அந்த வக்கீல் பொண்ணுக்கா? இல்ல லவர்னோட ஆளுங்களுக்கா?"

"லவர்ன் ஆளுங்களுக்கு எழுதிக் குடுக்கறேன்னு கேட்டேன். 'எங்களுக்குப் பாதி ஏற்கனவே இருக்கு, மீதியையும் குடுத்து வேலைய எங்க தலையில கட்டாத'ன்னுட்டா."

"அப்ப யாருக்கு?"

"உன் மவன் கர்ட்டுக்கு."

லெய்ஃப் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "கர்ட்டுக்கா? அவன்தானே ஒடைப்பேன்னு கத்துனான்?"

"அவன்தான். நமக்கப்புறம் டோஸ்டன் பேரு உள்ளவன் அவன் ஒருத்தன்தான். எழுதி வச்சுட்டேன்."

"அக்கா, அவன் சுவரு கட்டுவான்."

"எங்க, கட்டச் சொல்லு பாப்போம்." ராக்னா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நெலம் அவனுக்கு. கட்டுனா கேக்கறதுக்கு ஆளு இருக்கு. நல்லவன் கையில குடுத்துட்டு நிம்மதியா சாகறதுக்கா நான் அவ்வளவு பாடுபட்டேன்? எவன் கையில போனாலும் நிக்கணும்."

"அவனுக்கு இந்த ஊரே பிடிக்காது."

"வருஷத்துக்கு ஒரு தடவை அறக்கட்டளைக்காரங்க கரையப் பாக்க வருவாங்க. எடத்துக்காரன் கூட நடக்கணும். நடக்கட்டும்."

லெய்ஃப் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கோபமா சிரிப்பா என்று அவனுக்கே தெரியாத ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது.

"நீ செத்தும் எங்கள விடமாட்ட."

"விட மாட்டேன்," என்றாள் ராக்னா. "காபி போடு. நேரா நின்னா எனக்கு முட்டி வலிக்குது."